கூடப் போனவளின் கதை

காதலித்தவர்கள் கதையைக் காலம் காலமாகக் கேட்டு வருகிறோம். கூடப் போனவர்கள் கதையை யாரும் கேட்பதில்லை. நம் பக்கத்து ஊர்களில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஒரு பையனிடம் பத்து நிமிஷம் பேச வேண்டுமென்றால், அதற்கு இன்னொருத்தி வேண்டும். ‘கணக்கு நோட்டு வாங்கப் போறோம்’ என்று வீட்டில் சொல்ல இன்னொரு குரல் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரர் யாரும் தென்படுகிறார்களா என்று பார்க்க ஒரு ஜோடிக் கண் வேண்டும். போன் வந்தால், ‘இங்கதான் இருக்காம்மா, பாத்ரூம் போயிருக்கா’ என்று பதறாமல் சொல்ல வேண்டும். அவள் இல்லாமல் அந்தக் காதல் ஒரு வாரம் தாங்காது. ஆனால் விஷயம் வெளியே வந்தால் முதல் ஏச்சு அவளுக்குத்தான். ‘நீதான் அவளைக் கெடுத்தது’ என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து சொல்வார்கள். அதோடு அந்த வாசலை அவள் மிதிக்கக் கூடாது. தனக்கென்று ஒரு பிரியமும் இல்லாமல், அடுத்தவள் பிரியத்துக்காகப் பொய் சொல்லி, அதற்கான தண்டனையையும் வாங்கிக்கொண்டு போகிறவள் அவள்.

சில மாதங்களாக இந்தக் கூடப் போனவள் என்னை விட மாட்டேன் என்கிறாள். காரணம் ஒரு நாவல், இன்னும் அச்சுக்குப் போகாத நாவல். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் கூடி வாசிக்கிறார்கள். நானும் அவர்களோடு உட்காருவேன். அதில் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அதிகம் பேசாதவள், ஒருநாள் லாங் சைஸ் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அட்டையில் ‘கணக்குப்பதிவியல்’ என்று எழுதியிருந்தது. உள்ளே கணக்கு எதுவும் இல்லை. முதல் பக்கத்திலிருந்து கதை. அடித்தல் திருத்தல் இருந்தது, ஆனால் எங்கும் ஒரு பக்கம்கூடக் கிழிக்கப்படவில்லை. அவள் பெயர், ஊர், பள்ளி எதையும் எழுத மாட்டேன். அவள் ஒப்புக்கொண்ட அளவுக்குத்தான் இங்கே சொல்கிறேன்.

கதையில் கோமதி, இசக்கி என்று இரண்டு பிள்ளைகள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கோமதிக்கு ஒரு பையன்மேல் மனசு போகிறது. வழக்கமாக யார் எழுதினாலும் கதையைக் கோமதிதான் சொல்லுவாள். இவள் இசக்கியைச் சொல்ல வைத்திருக்கிறாள். அதனால் அந்தப் பையன் என்ன பேசினான், கோமதி என்ன பதில் சொன்னாள் என்பதெல்லாம் நாவலில் எங்குமே வராது. இசக்கி நிற்கிற இடத்துக்கு அது கேட்காது. கோமதி திரும்பி நடந்து வரும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் தெரியும். முதல் காதலைப் பற்றி இப்படி ஓர் இடத்திலிருந்து எழுதலாம் என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. வண்ணதாசன், வண்ணநிலவன், கலாப்ரியா என்று மனசின் மெல்லிய இடங்களை எழுதியவர்களுக்கு இந்த மண்ணில் பஞ்சமே இல்லை. ஆனால் அவர்கள் எழுதியதெல்லாம் வளர்ந்தவர்களுக்கு. பதினாறு வயதைப் பதினாறு வயதுக்காரிக்கே சொல்லும் கதை வேறு.

இரண்டு பைகள்

நாவலில் எனக்குப் பிடித்த அத்தியாயம் நெல்லையப்பர் கோவில் ஆனித் தேர் அன்று நடக்கிறது. உள்ளூர் விடுமுறை. ஆனாலும் டியூஷன் உண்டு என்று வீட்டில் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு இருவரும் பஸ் ஏறுகிறார்கள். அந்த இடத்தில் இசக்கி போகிற போக்கில் ஒன்று சொல்கிறாள்: முன்னாடியென்றால் டிக்கெட்டுக்குக் காசு கேட்க வேண்டும், கேட்டால் எங்கே என்று சொல்ல வேண்டும். இப்போது அந்தக் கேள்வியே கிடையாது. 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது அதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது ஒரு கேள்வியிலிருந்து கிடைத்த விடுதலை என்பதை இந்த நோட்டில்தான் படித்தேன்.

டவுனில் இறங்கியதும் கோமதி தன் பையையும் இசக்கி கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போகிறாள். இசக்கி வாகையடி முக்கில் ஒரு பாத்திரக்கடைப் படியில் நிற்கிறாள். வலது தோளில் ஒரு பை, இடது தோளில் ஒரு பை. கோமதியின் பையில் சாப்பாட்டு டப்பா சரியாக மூடாமல் புளிக்குழம்பு கசிந்து, இசக்கியின் தாவணி ஓரத்தில் இறங்குகிறது. தேர் வருகிறது. வடத்தைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று அவள் அம்மா சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறாள். ‘தொட ஒரு கை மிச்சமில்லை’ என்று எழுதியிருக்கிறாள். அவ்வளவுதான். அதற்குமேல் வருத்தம், ஏக்கம் என்று எதுவும் இல்லை. தேர் போன பிறகு கறைக்கு வீட்டில் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பிக்கிறாள். அதாவது அடுத்த பொய்.

நாவல் முழுக்க இசக்கி பொய் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவள் பொய்க்காரி இல்லை. அவள் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று கோமதியின் அம்மா நம்புகிறாள். அந்த நம்பிக்கைதான் கோமதிக்குப் பயன்படுகிறது. நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தவளைத்தான் எல்லோரும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரிலிருந்து கொஞ்சம் கரைவது இசக்கிக்குத் தெரிகிறது. கோமதிக்குத் தெரியவில்லை. நட்புக்குள் இப்படி ஒரு கணக்கு ஓடுவதைப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். வெளியே சொன்னால் நட்பைக் கொச்சைப்படுத்தியதாகிவிடும் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். பொய் சொல்லாதே என்று நாம் அவர்களுக்குச் சொல்கிறோம். உண்மை சொன்னால் படிப்பை நிறுத்துவோம், போனைப் பிடுங்குவோம், கிடைக்கிற முதல் வரனுக்குப் பேசி முடிப்போம் என்கிற விலைப்பட்டியலையும் நாமே எழுதி வைத்திருக்கிறோம். இசக்கி வாய் திறப்பதற்கு முன் அந்தப் பட்டியல் முழுவதையும் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள்.

சுளகுக்கு எதிரே

கோமதி சாப்பிட மாட்டேன் என்கிறாள். மார்க் இறங்குகிறது. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போகிறது. அவள் அம்மா, பிள்ளைக்கு ஏதோ பார்வை பட்டுவிட்டது என்று சுடலைமாடன் கோவில் பூசாரியிடம் கூட்டிப்போய்த் திருநீறு போடுகிறாள். வெள்ளிக்கிழமைதோறும் போடுகிறாள். பூசாரி, காவு கேட்குது என்கிறார். கூலிக்குப் பீடி சுற்றுகிற பெண், சேவல் வாங்கக் கடன் கேட்டு அலைகிறாள். இசக்கியால் அதைத் தாங்க முடியவில்லை. கோமதியிடம், ‘நீயே சொல்லுட்டி’ என்று கெஞ்சுகிறாள். கோமதி முடியாது என்கிறாள். ஒருநாள் மத்தியானம், கோமதி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, இசக்கி அந்த வீட்டுக்குப் போகிறாள்.

அந்த அம்மா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் சுளகு. நனைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரித்து அடுக்கியிருக்கிறது. இசக்கி எதிரே உட்கார்ந்து ஓர் இலையை எடுக்கிறாள். அவளுக்கும் கைப்பழக்கம் உண்டு. தூளை வைத்து, உருட்டி, நுனியை நகத்தால் மடக்கி, நூலைச் சுற்றுகிறாள். ஒன்று முடிகிறது, இரண்டு முடிகிறது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற வேலையில், வந்தவள் நாலு சுற்றிக் கொடுத்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். குனிந்த தலை நிமிராமலே இசக்கி சொல்லி முடிக்கிறாள். முகம் பார்க்காமல் பேச அந்த வேலை வழி விடுகிறது. அந்த அம்மாவின் கையும் நிற்கவில்லை. கையில் இருந்த பீடியைக் கட்டி முடித்துச் சுளகில் போட்டுவிட்டு அவள் கேட்கிற முதல் கேள்வி: ‘வேற யாருக்கெல்லாம் தெரியும்?’

யாருக்கும் தெரியாது என்கிறாள் இசக்கி. ‘அவ அப்பனுக்குத் தெரிய வேண்டாம். அண்ணனுக்கும் வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன். நீ வீட்டுக்குப் போ.’ இவ்வளவுதான் அந்த அத்தியாயம்.

இதை அவள் வாசித்து முடித்ததும் நூலகத்தில் நடந்த சண்டையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எடுத்த எடுப்பில், “காட்டிக் குடுத்துட்டா. கூட்டாளின்னா வாயத் தொறக்கலாமா?” என்றான். அவன் சொன்னதில் ஒரு வலி இருந்தது. தனக்கு நடந்ததைப் பேசுகிறவன் குரல் அது. இரண்டு மூன்று பேர் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “சேவல் வாங்க அவுக கடன் வாங்குதாகல்லா, அத பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்லுதியளா?” என்று திருப்பிக் கேட்டாள். கொஞ்ச நேரம் யார் பெரியவர், கூட்டாளியா அம்மாவா என்று போனது. அப்புறம் எப்போதும் ஜன்னலோரம் உட்காருகிற பெண் ஒருத்தி சொன்னாள்: “அவ அவுக அண்ணங்கிட்டச் சொல்லியிருந்தா அது காட்டிக் குடுக்கது. அம்மாகிட்டத்தான சொன்னா.”

அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சொன்னாளா சொல்லவில்லையா என்பதிலிருந்து பேச்சு நகர்ந்து, யாரிடம் சொன்னாள், எப்போது சொன்னாள், சொல்லும் முன்னால் கோமதியிடம் கேட்டாளா என்று போனது. நேர்மையைப் பற்றிப் பெரியவர்கள் நடத்துகிற எந்தக் கூட்டத்திலும் இந்தக் கேள்விகளை இவ்வளவு தெளிவாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சொல்வதில் ஏழு வழி

இசக்கியின் கதை எனக்கு ஏன் இவ்வளவு தெரிந்த கதையாக இருக்கிறது என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். பிறகு பிடிபட்டது. மகள் மெலிகிறாள், தாய் காரணம் தெரியாமல் முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டுச் சடங்கு நடத்துகிறாள், ஆடு பலி கொடுக்கிறார்கள், பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் வாய் திறக்கிறாள் தோழி. அகப்பாடல்களில் நாம் படித்ததுதான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் தோழி, தலைவியை வளர்த்த செவிலித்தாயிடம் பேசுகிற பேச்சு. அந்தப் பிள்ளை அதைப் படித்ததில்லை. தன் தெருவில் பார்த்ததை எழுதியிருக்கிறாள்.

பழைய அகமரபில் தோழி, பூப்பறிக்கக் கூடப் போகிற துணைப்பாத்திரம் மட்டும் இல்லை. கதையை நகர்த்துகிறவளே அவள்தான். தலைவி தோழியிடம் சொல்லுவாள், தோழி செவிலியிடம், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும். இந்த வரிசையை இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது பார்த்தால், எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருக்கிறது. அரிவாள் எடுக்கக் கூடியவன் வரிசையின் கடைசியில் நிற்கிறான். உண்மை அவனிடம் போய்ச் சேர்வதற்குள், அந்தப் பெண்ணின் பக்கம் நிற்க இரண்டு மூன்று பேர் சேர்ந்துவிடுகிறார்கள். ஜன்னலோரப் பெண் நூலகத்தில் சொன்னது இதையேதான்.

தொல்காப்பியம் பொருளியலில் தோழி இப்படி உண்மையை வெளிப்படுத்துவதற்கு ஏழு வழிகளைச் சொல்கிறது. தலைவனைத் தாழ்த்திப் பேசிச் சொல்லலாம், உயர்த்திப் பேசிச் சொல்லலாம், ஆசையை மட்டும் சொல்லி நிறுத்தலாம், தற்செயலாகச் சந்தித்தார்கள் என்று தொடங்கலாம். நடந்ததை நடந்தபடி நேராகச் சொல்வது ஏழாவதாக, கடைசியில் வருகிறது. இதை நான் தந்திரம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. கேட்கிறவளால் தாங்க முடிகிற வடிவத்தில் உண்மையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நேர்மையில் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறார்கள். இசக்கி எதிரே உட்கார்ந்து நாலு பீடி சுற்றிக் கொடுத்தது எட்டாவது வழி என்று நான் சொல்லுவேன்.

அன்றைய வரிசையில் இன்று ஓர் ஆள் குறைகிறாள். செவிலி. பெற்றவளாக இல்லாமல், பெற்றவளைப் போலப் பார்த்துக்கொள்கிறவள். கொஞ்ச காலம் முன்புவரை அந்த இடத்தில் ஓர் ஆச்சியோ, வாழாவெட்டியாக வந்து தங்கிய அத்தையோ, பக்கத்து வீட்டுச் சித்தியோ இருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சமயம் பார்த்து மெல்லக் காதில் போடுவார்கள். இன்றைய இசக்கிகள் சொல்லுவதற்கு ஆள் இல்லாமல் நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சொன்னால் அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போகும். அதனால் சொல்லாமலே இருக்கிறார்கள். விஷயம் முற்றி, சொல்லக் கூடாத ஆளின் காதுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது.

கையில் கட்டிய கயிறு

அன்றைய சண்டை இத்தோடு முடியவில்லை. எல்லோரும் ஓய்ந்த நேரத்தில், சேவலுக்காகப் பேசிய அதே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள்: “யக்கா, அவுக அம்மா மொதல்ல ஆளு யாரு, என்ன சாதின்னுல்லா கேப்பாக? இதுல கேக்கவே இல்லையே?”

யாரும் பேசவில்லை. அந்த அறையில் எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரியும். எழுதியவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “கேப்பாகன்னு தெரியும். எழுதினா இங்க வாசிக்க முடியாதுன்னு விட்டுட்டேன்” என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒரு மழுப்பலும் இல்லை. நாவலில் உள்ள எல்லா உண்மைகளையும்விட அந்த ஒரு வாக்கியம் என்னை உலுக்கியது.

ஏன் விட்டாள் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் எதுவும் பள்ளிக்கூடத்தில் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 2025 ஜூலையில் பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் ஐ.டி. வேலை பார்த்த பட்டியல் சமூக இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானது அவர் நேசித்த பெண்ணின் உடன்பிறந்தவன். இந்தப் பிள்ளைகள் இதையெல்லாம் செய்தியாக மட்டும் படிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க எந்தத் தெரு வழியாகச் சைக்கிளில் போவது என்று யோசித்தவர்கள் இவர்கள். கோமதியின் அம்மா ‘வேற யாருக்கெல்லாம் தெரியும்’ என்று முதலில் கேட்பதன் பயம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். எழுத்தில்தான் அது இல்லாமல் இருந்தது.

அடுத்த முறை அவள் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதிக் கொண்டுவந்தாள். அம்மா சாதியைக் கேட்கிறாள். இசக்கி பெயர் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பையன் முதல் நாள் கையில் கட்டியிருந்த கயிற்றின் நிறத்தைச் சொல்கிறாள். கோமதியோடு பழக ஆரம்பித்த பிறகு அவன் அதைக் கழற்றிவிட்டான் என்றும் சொல்கிறாள். அம்மா கொஞ்ச நேரம் கழித்து, “கழத்துனா மட்டும் போயிருமா?” என்கிறாள். அந்த நிறம் எது என்று நோட்டில் எழுதவில்லை. இது மறைப்பு என்று ஒரு பையன் சொன்னான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த நிறம் என்று சொன்னால் வாசிக்கிற பாதிப் பேர் கதையை விட்டுவிட்டுப் பக்கம் பிரிந்துவிடுவார்கள். கயிறு உண்டு என்று சொல்வதே இங்கே போதுமான உண்மை. இதில் மாற்றுக் கருத்து இருப்பவர்களோடு பேச ஆசைப்படுகிறேன். நான் நினைப்பதுதான் சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றை அடித்துச் சொல்லுவேன். திருநெல்வேலிச் சீமையில் நடக்கிற பதின்வயதுக் காதல் கதை ஒன்றில் சாதி தலைகாட்டவே இல்லையென்றால், அந்த நாவல் தன் வாசகரிடம் பொய் சொல்கிறது. அந்த வாசகருக்கு அது தெரியும். இந்தப் புத்தகமும் பெரியவர்கள் மாதிரியே பேசுகிறது என்று மூடி வைத்துவிட்டுப் போனுக்குப் போய்விடுவார்கள்.

எந்த அலமாரி?

இந்த வயதுக்கென்று புத்தகம் தேடிப் போனால் நூலகத்திலேயே அலமாரி கிடையாது. சிறுவர் பகுதி இருக்கிறது. அங்கே முயலும் யானையும் பேசுகின்றன. அதைத் தாண்டினால் பெரியவர்கள் நாவல். நடுவில் ஆறேழு வருஷ வயது அந்தரத்தில் நிற்கிறது. சாகித்ய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கு பால சாகித்ய புரஸ்கார் கொடுக்கிறது. 2011-ல் தொடங்கிய யுவ புரஸ்கார் 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளர்களுக்கு. அதில் இளமை எழுதுகிறவருடையது, படிக்கிறவருடையது அல்ல. விருது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. ஒரு வயதுக்குப் பெயரே வைக்காமல் விட்டால், அந்த வயதுக்கு யாரும் எழுத உட்கார மாட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெற்றோர்களின் பயமும் எனக்குப் புரிகிறது. காதலைப் பற்றிப் படித்தால் பிள்ளை காதலிக்கப் போய்விடும் என்கிறார்கள். பயத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2012-ல் வந்த போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பாற்ற வந்தது, அது அவசியம் வேண்டும். ஆனால் வீட்டுக்குப் பிடிக்காத சம்மதக் காதலைப் பிரிக்கவும் அதையே கையில் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போகிறவர்கள் உண்டு. வளரிளம் பருவத்துக் காதலில் அகப்பட்ட பையனைக் குற்றவாளியாக்குவது அந்தச் சட்டத்தின் நோக்கமாக இருந்ததில்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே 2021-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. இவ்வளவு பெரிய விஷயங்கள் பிள்ளைகளின் தலைக்குமேல் நடக்கும்போது, அதைப் பற்றி அவர்கள் உட்கார்ந்து பேச ஒரு கதையாவது வேண்டாமா? அன்று நூலகத்தில் ஒருவர்கூடக் காதல் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ பேசவில்லை. கூட்டாளிக்கு எதுவரை துணை நிற்பது, எங்கே நிறுத்துவது, யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் பேசினார்கள். ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய நிம்மதி என்ன இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நாவல் இன்னும் முடியவில்லை. அம்மாவிடம் சொன்னது தெரிந்த நாளிலிருந்து கோமதி இசக்கியோடு பேசுவதில்லை. அடுத்த அத்தியாயங்களில் இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தீபாவளிக்குள் சேர்த்து வைத்துவிடு என்று வாசகர்கள் எல்லோரும் நச்சரிக்கிறார்கள். காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று முதலில் சொன்ன பையன்தான் அதில் அதிகம் நச்சரிக்கிறான். அவள் அசைந்து கொடுக்கவில்லை. “கோமதி கோவம் நியாயம்தான யக்கா. கேக்காமத்தான போயிச் சொன்னா” என்கிறாள். இசக்கி செய்தது சரி என்றும் அவள்தான் எழுதியிருக்கிறாள், கோமதியின் கோபம் நியாயம் என்றும் அவளே சொல்கிறாள். இரண்டையும் ஒரே நோட்டில் வைத்திருக்க அவளுக்குத் தைரியம் இருக்கிறது. நானும் அவள் பக்கம்தான். அவசரப்பட்டுச் சேர்த்து வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நோட்டு இப்போது நூலகரின் மேஜை டிராயரில் இருக்கிறது. வீட்டில் வைக்க முடியாது என்று அவளே கொடுத்து வைத்திருக்கிறாள். சனிக்கிழமை வந்து வாங்கி, எழுதி, ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும் தட்டச்சு செய்து கொடுப்பதாக அந்த ஜன்னலோரப் பெண் ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.